கோபுரத்தின் மேலுள்ள கருவியும் புதிய பதிப்பும்

ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருள், ரூட்டர், இரு இடங்களைக் கம்பியின்றி இணைக்கும் வயர்லெஸ் பாலம் ஆகிய கருவிகளின் ஃபிளாஷ் நினைவகத்தில் பதிந்திருந்து, ரேடியோவை இயக்குவது முதல் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது வரை அனைத்தையும் நடத்தும் மென்பொருளாகும். அதன் புதிய பதிப்பு வெளிவரும்போது, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் கைவைக்கப் பராமரிப்பாளர் தயங்குவதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. பதிவு நடக்கும் வேளையில் மின்சாரம் போனால் கருவி மீண்டும் எழாமலே போகக்கூடும். அக்கருவி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கோபுரத்தின் உச்சியில் இருந்தால், ஒருவர் அங்கே சென்று ஏறியாக வேண்டும். தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமப்புறப் பார்வை மையங்களோடு தொலைதூர வைஃபை வழியாக இணைத்த பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சீரற்ற மின்சாரமே தங்கள் கருவிகளின் பெரும்பகை என்பதை அனுபவத்தில் கண்டனர்.

ஆயினும் தயக்கத்துக்கும் விலை உண்டு. யூபிக்விட்டி நிறுவனத்தின் ஏர்ஓஎஸ் நிலைபொருளில், கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் ஒருவர் கருவிக்குள் கோப்பை ஏற்ற இடந்தந்த ஓட்டைக்கு 2015 ஜூலையிலேயே திருத்தம் வெளியாகியிருந்தும், அதை ஏற்றாதிருந்த கருவிகளுக்குள் 2016 மே மாதத்தில் ஒரு கணினிப் புழு புகுந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவிப் பரவியது. இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய நிர்வாகப் பக்கத்தைக் கொண்ட கருவிக்கு இத்தகைய திருத்தம் வரும்போது, காத்திருப்பதற்கு நியாயமே இல்லை.

எல்லாத் திருத்தமும் எல்லாக் கருவிக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை என்பதால், பதிப்போடு வரும் மாற்றக் குறிப்பைப் படிப்பது இன்றியமையாதது. 2017-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வான்ஹூஃப் வெளிப்படுத்திய ‘கிராக்’ தாக்குதல், வைஃபை இணைப்புகளைக் காக்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் ஏற்கெனவே பயன்பட்ட மறைகுறிச் சாவியை மீண்டும் நிறுவச்செய்வது. அது முதன்மையாகத் தாக்கியது, இணையும் பக்கத்திலுள்ள கருவிகளை. எனவே வீட்டு ரூட்டரை மட்டும் புதுப்பித்தவரின் கைப்பேசிக்குக் காப்புக் கிடைக்கவில்லை. டபிள்யூபிஏ2 கொண்டு இயங்கும் இரு கோபுரப் பாலத்திலோ, ஒரு முனை இணையும் கருவியாகவே செயல்படுவதால், அந்த முனைக்குத் திருத்தம் கட்டாயமாயிற்று.

புதிய வசதிகளை மட்டும் தரும் பதிப்பைச் சில வாரம் பொறுத்து ஏற்றினால் இழப்பொன்றுமில்லை. ஏற்றுவதென முடிவானபின், அமைப்புகளைப் படியெடுத்து, மின்கலக் காப்பின் துணையோடு, தொலைவிலுள்ள முனையை முதலில் புதுப்பிப்பதே முறை. இரு பதிப்புகளும் ஒத்துப்போகாமல் இணைப்பு அறுந்தாலும், அருகிலுள்ள முனையில் அதே பதிப்பை ஏற்றி அதை மீட்க வழி இருக்கும், வரிசையை மாற்றிச் செய்தவருக்கோ தொலைமுனையை எட்டும் ஒரே பாதையும் அடைபட்டுவிடும்.