பிள்ளைகளின் படிப்புதவியும் வருமான வரியும்

பிள்ளைகளின் படிப்புக்கென வேலை கொடுப்போர் அளிக்கும் உதவி முழுவதற்கும் வரிவிலக்கு உண்டென்று சங்க ஊழியரிலும், ஆலைகளில் வேலைபார்க்கும் அங்கத்தினர் குடும்பத்தாரிலும் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. உதவி எந்த உருவில் வருகிறதோ, அதைப் பொறுத்தே வரி அமையும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, 2025–26 நிதியாண்டு வரையிலான சம்பளத்துக்குரிய விதிகள் வருமாறு:

முதலாவது, ரொக்கமாக வரும் கல்விப்படி. பழைய வரி முறையில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 100 ரூபாய் வீதம், இரு பிள்ளைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. விடுதிச் செலவுப் படியாயின் இது 300 ரூபாய். ஓர் ஊழியர் இரு பிள்ளைகளுக்குமாக மாதம் 1,000 ரூபாய் கல்விப்படி பெறுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 12,000 ரூபாயாகும். அதில் விலக்கு 2,400. எஞ்சிய 9,600 ரூபாய் சம்பளத்தோடு சேரும்.

இரண்டாவது, பள்ளிக் கட்டணத்தை நிர்வாகமே நேரே செலுத்துதல். பணம் ஊழியர் கைக்கு வராவிடினும், அவர் செலுத்தவேண்டியதை நிர்வாகம் செலுத்தியதாகவே சட்டம் கருதும். ஆகவே அத்தொகை முழுவதும் வருமானமே.

மூன்றாவது, நிர்வாகம் தன் சொந்தப் பள்ளியில் இலவசக் கல்வி அளித்தல். அவ்வட்டாரத்திலுள்ள ஒத்த பள்ளியின் செலவைக் கொண்டு இதன் மதிப்பு கணக்கிடப்படும். பிள்ளை ஒன்றுக்கு அம்மதிப்பு மாதம் 1,000 ரூபாய்க்கு மேற்படாவிடின் வரியில்லை.

வேலையின் பொருட்டு ஊழியரையே பயிற்சிக்கு அனுப்பும் செலவு இவற்றின் வேறானது. அது அவருடைய வருமானமாகாது.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. முதலிற் கூறிய கல்விப்படி, விடுதிப்படி விலக்குகள் புதிய வரி முறையில் இல்லை. ஆனால் 2025–26இல் புதிய முறைப்படி, சம்பளம் போன்ற வருமானம் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதோர் தள்ளுபடியின் காரணமாக வரி செலுத்த வேண்டுவதில்லை. 2,400 ரூபாய் விலக்கை மட்டும் கருதிப் பழைய முறையைத் தேர்ந்து, பெரிய சலுகையை இழப்பது சிக்கனமாகாது. இருவகையிலும் கணக்கிட்டுப் பார்த்தே முடிவு செய்க.

இவ்விதிகள் சம்பளம் பெறும் ஊழியருக்கே உரியவை; அங்கத்தினர் என்பதனால் மட்டும் ஒருவருக்குப் பொருந்தா. 2026 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிந்திய சம்பளத்துக்கு 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் அதன் விதிகளுமே அளவுகோல். ஆகவே, சங்கச் செயலாளர்கள் படிப்புதவியைச் சம்பளப் பதிவேட்டில் அதன் உருவைக் குறித்துத் தனியே எழுதிவருதல் வேண்டும். ஊழியரும் படிவம் 16 கிடைத்தவுடன் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.