எஸ் பக்கத்தில் டி: ஒரு ஷார்ட் கட் கீ செய்த வேலை

மகாராஜபுரத்தில் ஒரு தேங்காய் கமிஷன் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பில்லை சேவ் செய்ய கண்ட்ரோல்+எஸ், அழிக்க கண்ட்ரோல்+டி. டெலிட்டின் முதல் எழுத்துதானே என்று வைத்துவிட்டேன். உங்கள் கீபோர்டைப் பாருங்கள். எஸ், டி இரண்டும் ஒட்டி இருக்கும். ஒரு நாள் கடைக்காரர் விரல் நழுவியது, பில் போய்விட்டது. "தம்பி, நான் சேவ்தானே அமுக்கினேன்?" என்றார். பணத்துக்குக் காத்திருந்த விவசாயிக்கு, எடைச் சீட்டைத் தேடி எடுத்து மறுபடி பில் போட்டோம். தவறு என்னுடையதுதான்.

விண்டோஸிலும் ஒரு பைலைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+டி அழுத்தினால் அழியும். ஆனால் அது ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். உடனே கண்ட்ரோல்+இசட் அழுத்தினால் திரும்பி வந்துவிடும். என் புரோகிராமில் அந்த வசதி இல்லை.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யை உருவாக்கியவர்களில் ஒருவர் டேவிட் பிராட்லி. கம்ப்யூட்டரை மறுபடி ஸ்டார்ட் செய்ய முதலில் கண்ட்ரோல்+ஆல்ட்+எஸ்கேப் என்று வைத்தார். மூன்றும் இடது பக்கமே இருந்ததால் கை தெரியாமல் பட்டுவிடும் என்று, எஸ்கேப்பை எடுத்துவிட்டு வலது கோடியில் இருந்த டெலிட்டைச் சேர்த்தார். அந்தக் கீபோர்டில் இரண்டு கையும் இல்லாமல் அதை அழுத்துவது கஷ்டம். அதுதான் அவருக்கு வேண்டியதும்.

நானும் மாற்றினேன். இப்போது பில்லை அழிக்க கண்ட்ரோல்+ஷிப்ட்+டெலிட்; அதற்குப் பிறகும் "அழிக்கலாமா?" என்று கேட்கும். கண்ட்ரோல்+டி-க்கு வேறு வேலை எதுவும் தரவில்லை. கடைக்காரர் விரல் இன்னமும் சில நாள் அங்கே போகிறது.