குமாஸ்தாவின் உழைப்பை அளப்பது எப்படி?

நெசவாலையில் ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை கஜம் துணி நெய்கிறான் என்று கேட்டால் அளந்து சொல்லிவிடலாம். களத்து நெல்லுக்கு மரக்கால் இருக்கிறது. ஆனால் பாங்கிக் குமாஸ்தா மாலையில் வீடு திரும்பும்போது எதை உற்பத்தி செய்துவிட்டுப் போகிறார்? உபாத்தியாயர், தபால்காரர், மளிகைக்கடைச் சிப்பந்தி, ஆஸ்பத்திரித் தாதி ஆகியோரின் உழைப்புக்கு எந்த மரக்கால்? இது வேடிக்கைக் கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் எந்தத் தேசம் முன்னேறியது, எது பின்தங்கியது என்னும் பெரிய வழக்கின் தீர்ப்பு, பெரும்பாலும் இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே நிற்கிறது.

இங்கிலாந்தை அமெரிக்காவும் ஜெர்மனியும் முந்தியது எவ்வாறு? பெரிய பெரிய யந்திரசாலைகளால் என்பதே நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில். ஸ்டீபன் பிராட்பெரி என்னும் பொருளாதாரச் சரித்திர ஆசிரியர், 1870 முதல் 1990 வரை இம்மூன்று தேசங்களின் கணக்குகளைத் துறை துறையாகப் பிரித்து ஒப்பிட்டு 1998-ல் வெளியிட்டார். அதைப் படிப்போர் வியப்படையாமல் இருக்க முடியாது. 1870-ஐ ஒட்டியே அமெரிக்கத் தொழிற்சாலையில் ஓர் ஆளின் உழைப்பு, ஆங்கிலத் தொழிலாளியின் உழைப்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பலன் தந்துகொண்டிருந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த விகிதம், இடையில் ஏறி இறங்கியபோதிலும், அதே இரு மடங்கைச் சுற்றியே நின்றது. ஜெர்மானியத் தொழிற்சாலைகளோ இரண்டாம் உலக யுத்தம் வரையில் ஆங்கிலத் தொழிற்சாலைகளுக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தன.

அப்படியிருந்தும் 1870-ல் தேசம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆள் ஒன்றுக்கு விளையும் பலனில் இங்கிலாந்தே அமெரிக்காவுக்குச் சற்று முன்னே இருந்தது. அமெரிக்க உழைப்பாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் அப்போது வயலில் இருந்தார்கள். வர்த்தகம், பாங்கி, போக்குவரத்து முதலான சேவைத் தொழில்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் ஆங்கிலேயர் கைதேர்ந்தவர்கள். பிறகு உழவிலிருந்து ஜனங்கள் வேறு தொழில்களுக்குப் பெயர்ந்தார்கள். சேவைத் தொழில்களிலும் அமெரிக்கா, முதல் உலக யுத்தத்துக்கு முன்பே இங்கிலாந்தை எட்டிப் பிடித்துத் தாண்டிவிட்டது. பந்தயம் தீர்ந்த இடம் கடையும் ஆபீஸும் என்க.

அமெரிக்க ஆபீஸில் அப்படி என்ன மாயம் நடந்தது? 1870-களில் ரெமிங்டன் கம்பெனி டைப் அடிக்கும் யந்திரத்தை விற்கத் தொடங்கியது. 1879-ல் ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில், விற்ற காசை விற்றவுடன் கணக்கில் ஏற்றும் பணப்பெட்டி யந்திரம் பிறந்தது. காகிதங்களைச் செங்குத்தாக அடுக்கும் பைல் பெட்டியை 1893-ஆம் வருஷத்துச் சிக்காகோக் கண்காட்சியில் ஜனங்கள் கண்டார்கள். இவை அற்ப சாமான்களே. ஆனால் பெரிய பேரேட்டில் அழகிய கையெழுத்தில் நகல் எடுத்துக்கொண்டிருந்த பழைய குமாஸ்தாவின் வேலையை, இவை பலபேர் பங்கிட்டுச் செய்யும் வேலையாக மாற்றிவிட்டன. அதற்குப் படித்த பிள்ளைகளும் பெண்களும் ஏராளமாக வேண்டுமல்லவா? 1910-ல் அமெரிக்க இளைஞர்களில் ஹைஸ்கூல் படிப்பை முடித்தவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு, 1940-ல் சரிபாதி. இங்கிலாந்திலோ 1947 வரையில் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டு நின்றுவிடச் சட்டம் இடங்கொடுத்தது. உபாத்தியாயராகிய நமக்கு இந்தப் பகுதி மற்ற எதையும்விட ருசியாக இருக்கிறதென்றால் வாசகர்கள் மன்னிப்பார்களாக.

கடையின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1916-ல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் ஸாண்டர்ஸ் என்பவர், வாங்குபவரே கூடையை ஏந்திச் சென்று சாமானை எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். இங்கிலாந்தில் ஸெயின்ஸ்பரி கம்பெனி, அமெரிக்காவைப் பார்த்து வந்தபின், 1950-ல் கிராய்டனில் அம்முறையை மேற்கொண்டது. சிப்பந்தி ஒருவருக்கு விற்பனை உயர்ந்தது. உற்பத்தித் திறன் பெருகியதாகக் கணக்கு எழுதப்பட்டது. கூடை சுமந்த குடும்ப ஸ்திரீயின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை!

அளவைக்குள் ஒளிந்திருக்கும் வம்பு இதுதான். ஏழைத் தேசத்தையும் பணக்காரத் தேசத்தையும் ஒப்பிடும்போது அது இன்னும் பெரிதாகிறது. பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் 1871 முதல் இந்தியாவையும் இங்கிலாந்தையும் ஒப்பிட்டார்கள். விவசாயத்தில் நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போயிற்று. கைத்தொழிலில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. சேவைத் தொழிலில்தான் குறைந்துவந்தது என்று கண்டார்கள். ஆனால் சாதாரணமாகப் பத்திரிகைகளில் வரும் ஒப்பீடு அத்தனை கவனத்துடன் செய்யப்படுவதில்லை. சம்பளத்தை நாணயமாற்று விகிதத்தில் டாலராக்கி, அதையே உழைப்பின் பலன் என்று வைத்துவிடுகிறார்கள். கேரளத்துத் தாதி ஒருத்தி லண்டனுக்குக் கப்பலேறினால் அவளது திறன் ஒரே இரவில் பல மடங்காகிவிடும்! அவள் ஊசி போடும் கை அதே கைதான். இந்தக் குறையைத் தீர்க்கவே பென்ஸில்வேனியா ஸர்வகலாசாலையின் இர்விங் கிராவிஸ் முதலியோர், ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்துடன் சேர்ந்து 1968 முதல் தேசந்தோறும் விலைவாசிகளைத் திரட்டினார்கள். க்ஷவரமும் வைத்தியமும் ஏழைத் தேசங்களில் எவ்வளவு மலிவு என்பது அப்போது எண்களில் தெரியவந்தது. நம் உழைப்பாளி சோம்பேறி என்று இத்தகைய டாலர்க் கணக்கைக் காட்டிச் சொல்பவர்களிடம், எந்த விலையால் பெருக்கினீர்கள் என்று முதலில் கேட்பது நலம்.

சர்க்கார்ப் பள்ளிகளின் விஷயம் விசித்திரத்திலும் விசித்திரம். அங்கே விலையே கிடையாது. ஆகையால் பல தேசங்கள், செலவழித்ததையே விளைந்தது என்று எழுதிவந்தன. அப்படி எழுதினால் உபாத்தியாயரின் திறன் ஒருநாளும் கூடாது, குறையாது. இங்கிலாந்து 1998 முதல் மாணாக்கர்களின் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு நேராக அளக்க முற்பட்டது. அதிலும் சங்கடம் உண்டு: வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்குப் பதில் அறுபது பேரை அடைத்தால், வெறும் தலைக்கணக்கில் திறன் இரட்டித்துவிடும். 2020-ல் கொள்ளைநோய் பரவிப் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த வித்தியாசம் பகிரங்கமாயிற்று. பாடம் நடக்கவில்லை என்று இங்கிலாந்து தன் கணக்கில் குறைத்துக்கொண்டது. அவ்வருஷம் அதன் தேசிய வருமானம் அண்டை நாடுகளைவிட அதிகமாகச் சரிந்ததாகக் காணப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சம்பளத்தைக் கொண்டு அளந்த தேசங்களின் ஏடுகளிலோ, பூட்டிய பள்ளிக்கூடங்களிலும் கல்வி குறைவின்றி விளைந்துகொண்டிருந்தது.