உங்களுக்குத் தெரியுமா? மறதிநோயின் பாதிச் செலவு வீட்டுக்குள்ளேயே!

டிமென்ஷியா எனும் மறதிநோயால் 2019-இல் உலகம் சுமந்த செலவு ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி டாலர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதி மருத்துவமனைக்கோ மருந்துக்கோ போனதல்ல; குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்த குடும்பத்தாரின் சம்பளமில்லாத உழைப்பின் மதிப்பு அது. அந்த உழைப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது. பெற்றவரைப் பேணுவதற்கு விலை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விலை பாசத்துக்கு அல்ல. வேலையை விட்ட மகள் இழந்த வருமானத்துக்குத்தான் கணக்கு. கணக்கில் ஏறாத உழைப்புக்கு அரசுகள் நிதி ஒதுக்குவது அரிது.

லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பேராசிரியர் மார்ட்டின் நாப் இத்தகைய கணக்குகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருபவர். மனநல மருத்துவப் பேராசிரியர் கில் லிவிங்ஸ்டன் தலைமையில் இங்கிலாந்தில் நடந்த ‘ஸ்டார்ட்’ ஆய்வில் அவரும் பங்கேற்றார். அதில் 260 குடும்பப் பராமரிப்பாளர்கள் இருந்தனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் மனச்சுமையைச் சமாளிக்க 8 அமர்வுகளில் பயிற்சி தரப்பட்டது. அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. கிடைத்த பலனுக்குச் செலவு தகும் என்றும் 2013-இல் முடிவுகள் வெளியாயின. இதற்கெல்லாம் நிபுணர்களுக்கு எங்கே போவது என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் அந்த அமர்வுகளை நடத்தியவர்கள் மூத்த மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உளவியல் பட்டதாரிகள். 6 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பராமரிப்பாளர்களிடம் பலன் நீடித்திருந்தது.