கணினியில் ஒரு மூக்கு

கிரகண வேளையில் வெளியே வந்த கர்ப்பிணிக்குப் பிளவுபட்ட உதட்டுடன் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கை இன்னும் மறையவில்லை. நான் வசிக்கும் தேங்காய்த்திட்டிலும் அதைக் கேட்டிருக்கிறேன். கருவின் நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் முகத்தின் இருபுறத் திசுக்களும் கூடி உதடாக வேண்டும். மரபணுவாலோ சூழலாலோ அந்தக் கூடல் தவறினால் பிளவு உண்டாகிறது. உதட்டுப் பிளவோ அன்னப் பிளவோ, உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது.

உதட்டைத் தைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது எனப் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் மருத்துவரைச் சோதிப்பது மூக்குதான். வாயைச் சுற்றி வளையமாக இருக்கவேண்டிய தசை, பிளவுள்ள பக்கத்தில் மூக்குமடலின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு அதை வெளிப்புறம் இழுக்கிறது. மறுபக்கத் தசையோ மூக்கின் நடுச்சுவரைத் தன் பக்கம் சாய்க்கிறது. குழந்தை அழும்போதும் சிரிக்கும்போதும் இந்த இழுபறி தொடர்கிறது. விளைவு, சாய்ந்த மூக்குநுனி, தட்டையான நாசித்துளை. அறுவை சிகிச்சையில் நிமிர்த்தினாலும், குருத்தெலும்பு வில்லைப்போலப் பழைய வளைவுக்கே திரும்ப முயலும், தழும்பும் சுருங்கும். முகவளர்ச்சி முடிந்தபின் மீண்டும் அறுவை தேவைப்படுவோர் பலர்.

இந்த விசைகளைக் கணக்கிடவே கணினி மாதிரி. சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து தோல், குருத்தெலும்பு, எலும்பு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, அவற்றை மிகச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் விறைப்புத் தன்மையை எண்ணாகக் கொடுக்கிறார்கள். ‘ஃபைனைட் எலிமென்ட்’ எனப்படும் இம்முறை விமானக் கட்டுமானத்தில் வளர்ந்தது. 1960-இல் அப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் ரே கிளஃப். எந்தத் தையலில் இழுவிசை குவிகிறது, முதலில் தசையை விடுவிப்பதா நடுச்சுவரை நிமிர்த்துவதா என்பதையெல்லாம் திரையிலேயே சோதிக்கலாம். ஒரே குழந்தைக்கு இருவிதமாக அறுவை செய்து ஒப்பிட முடியாது, மாதிரியில் முடியும்.

ஆனால், பொருளியல் மாதிரிகளோடு காலங்கழித்த எனக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: மாதிரியின் விடை அதன் அனுமானங்களைத் தாண்டாது. பெரியவர்களின் குருத்தெலும்பில் அளந்த விறைப்பு பச்சிளங்குழந்தைக்குப் பொருந்தாது. தாயின் ஈஸ்ட்ரோஜன் தாக்கத்தால், பிறந்த முதல் சில வாரங்களில் அது எளிதில் வளையக்கூடியதாக இருக்கிறது என்று கருதப்படுகிறது. வளர்ச்சியையும் தழும்பையும் சமன்பாட்டில் அடக்குவது கடினம். ஆய்வுக்காக மட்டும் குழந்தையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதும் முறையன்று. ஆகவே, ‘உன் மூக்கு இப்படித்தான் அமையும்’ என மாதிரி வாக்களிக்க இயலாது. இரு வழிகளில் எது மேல் என்று சொல்லவே அது உதவும்.

அந்த உதவியும் சிறிதன்று. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இக்குறைபாட்டுக்கு இலவச சிகிச்சை உண்டு. ஆயினும் இரண்டாவது அறுவை என்பது மீன்பிடித் துறைமுகத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இழந்த கூலி. பிள்ளைக்கு இழந்த பள்ளி நாள்கள். எந்த இலவசத் திட்டமும் இதை ஈடுசெய்வதில்லை.

ஜிப்மரும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நம்மிடமே உள்ளன. சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுத்த படங்களைப் பெற்றோர் ஒப்புதலுடன், அடையாளம் நீக்கிச் சேமித்து, பல ஆண்டு விளைவுகளோடு மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்து ஒப்பிட வேண்டும். கணினியின் விலை குறைந்துவருகிறது. அரிதாயிருப்பது நம் குழந்தைகளைப் பற்றிய நம்பகமான தரவு. அரசு முதலிட வேண்டியது அதில்தான்.