எந்த வயதில் நடந்தது?

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பி வாழும் ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்து, கடன் கழுத்தை நெரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மூன்று பிள்ளைகள். நாலு வயதுக் கடைக்குட்டியைக் கொண்டுபோய் அம்மாச்சி வீட்டில் விடுகிறார்கள். பதினாறு வயதுப் பெண் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நூல்மில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். இருபது வயதுப் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். கடன் ஒன்றுதான்; ஆனால் அது மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று வேறு சம்பவங்கள். பையனுக்கு அது ஊர் மாற்றம். பெண்ணுக்கு அது பள்ளிக்கூடமும் தோழிகளும் ஒரே நாளில் கைவிட்டுப் போனது. சின்னவனுக்கோ காரணமே சொல்லப்படாமல் அம்மா காணாமல் போனது. பத்து வருஷம் கழித்து இந்த மூவரும் ஓர் ஆலோசகர் முன்னால் வந்து உட்கார்ந்தால், ‘என்ன நடந்தது’ என்று மட்டும் கேட்கிறவருக்கு மூவரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும். ‘அப்போது உனக்கு என்ன வயது’ என்று சேர்த்துக் கேட்கிறவருக்கே மூன்று கதைகளும் கிடைக்கும். மனித வளர்ச்சிக் கோட்பாடுகளைக் கவுன்சலிங் படிப்பில் அடிப்படைப் பாடமாக வைத்திருப்பது இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்பது என் கருத்து. அதை மறந்து எரிக்சனுக்கு எட்டு, பியாஜேக்கு நான்கு, கோல்பெர்க்குக்கு ஆறு என்று நிலைகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதி முடிப்பது பெரிய இழப்பு.

வயது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் அமெரிக்காவில் கிடைத்தது. 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வருமானத்தை இழந்தன. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1920, 21இல் பிறந்த பிள்ளைகளைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலிருந்தே சேகரித்து வைத்த பதிவுகளை ஆராய்ந்து, சமூகவியலாளர் கிளென் எல்டர் 1974இல் ஒரு நூல் வெளியிட்டார். மந்தம் உச்சத்தில் இருந்தபோது இந்தப் பிள்ளைகள் பதின்வயதில் இருந்தார்கள். பையன்கள் சில்லறை வேலைகளுக்குப் போனார்கள், பெண்கள் வீட்டுப் பொறுப்பை ஏற்றார்கள். பெரும்பாலோர் உடைந்து போகவில்லை. பிறகு, பக்கத்து ஊரான பெர்க்லியில் 1928, 29இல் பிறந்தவர்களின் பதிவுகளோடு எல்டர் ஒப்பிட்டார். அதே வறுமை இவர்களைச் சின்னஞ்சிறு வயதில் தாக்கியிருந்தது. இவர்கள், குறிப்பாகப் பையன்கள், பதின்வயதை எட்டியபோது படிப்பிலும் தன்னம்பிக்கையிலும் பின்தங்கினார்கள். ஏழெட்டு வயது வித்தியாசம் ஒரே கஷ்டத்தை இரண்டு வேறு கஷ்டங்களாக்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, ‘பதின்வயதில் வேலைக்குப் போனால் பொறுப்பு வரும், மில்லுக்குப் போவதும் நல்லதுதானே’ என்று யாராவது சொன்னால் அது தப்பான பாடம். ஓக்லாந்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலை பார்த்தார்கள், இரவில் தங்கள் வீட்டில் படுத்தார்கள். எங்கிருந்தோ வந்த ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் சூழலை விட்டுவிடும் இந்தப் பழக்கம்தான் பயிற்சி மாணவர்களிடம் முதலில் திருத்தப்பட வேண்டியது.

வளர்ச்சிக் கோட்பாட்டாளர்களில் நம் நாட்டில் அதிகம் பேசப்படும் எரிக் எரிக்சனையும் இப்படிச் சூழலோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1950இல் வெளிவந்த தன் முதல் நூலில் பிறப்பு முதல் முதுமை வரை எட்டுக் கட்டங்களை அவர் விவரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் மனிதனுக்கு ஓர் உள்போராட்டம் இருக்கிறது. பதின்வயதின் போராட்டம் ‘நான் யார்’ என்பது. அந்தக் கேள்விக்கு விடை தேட, சமூகம் இளைஞர்களுக்குக் கொஞ்சம் கால அவகாசம் தருகிறது. பலதையும் முயன்று பார்க்கலாம், தப்பு செய்யலாம், பெரிய பொறுப்பு இன்னும் தலையில் ஏறவில்லை. கல்லூரி வாழ்க்கை அப்படிப்பட்ட அவகாசம்தான். இதே எரிக்சன் 1962இல் மனித வாழ்க்கைச் சுழற்சி பற்றிய ஒரு கருத்தரங்குக்காக அகமதாபாத் வந்தார். அவருக்கு இடம் கொடுத்து உபசரித்தவர் மில் முதலாளி அம்பாலால் சாராபாய். 1918இல் காந்தி உண்ணாவிரதம் இருந்து நடத்திய பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தில் எதிர்த்தரப்பில் இருந்தவர் இவர். தொழிலாளர் பக்கம் நின்றவர் இவருடைய சொந்தச் சகோதரி அனசூயா. அந்தப் போராட்டத்தை மையமாக வைத்து, நடுவயது மனிதனின் வளர்ச்சிக் கதையாகக் காந்தியைப் பற்றி எரிக்சன் எழுதிய நூல் 1969இல் வந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. தன் கோட்பாட்டைப் பஞ்சாலை உள்ள ஓர் ஊருக்குக் கொண்டுவந்து உரசிப் பார்த்த அறிஞர் அவர். நம் ஊர் மில் ஹாஸ்டலில் வைத்து அதை மறுபடி உரசிப் பார்க்க நமக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு.

உரசிப் பார்த்தால் என்ன தெரிகிறது? ஒரு காலத்தில் புகையிலைக்குப் பேர்போனது வேடசந்தூர். 1948இலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர். இன்று சுற்றுவட்டாரத்தின் பெரிய வேலைவாய்ப்பு நூல்மில்கள்தான். திண்டுக்கல், திருப்பூர், கோவை வட்டாரங்களில் பல மில்கள் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஹாஸ்டலில் தங்கவைத்து வேலை வாங்கின. முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகத் தரும் தொகை கல்யாணச் செலவுக்கு என்று பேச்சு. இதன் கொடுமைகளைப் பற்றி 2011இலும் 2014இலும் வெளியான ஆய்வறிக்கைகள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. பேர் மாறினாலும் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் முறை போய்விடவில்லை. இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களும் வருகிறார்கள். ‘மூணு வருஷத்தை ஓட்டிட்டா மொத்தமா காசு வரும்க்கா’ என்று சொல்லும் பெண்ணுக்கு எரிக்சன் சொன்ன அவகாசம் எங்கே இருக்கிறது? வெளியே போக வார்டன் அனுமதி வேண்டும். என்ன வேலை, என்ன சம்பளம், எப்போது கல்யாணம் எல்லாம் முடிவாகிவிட்டது. எரிக்சனுக்குப் பின் வந்த ஜேம்ஸ் மார்சியா 1966இல் இதற்கு ஒரு நிலை வகுத்தார்: தேடிப் பார்க்காமலே, பெரியவர்கள் கொடுத்ததை அடையாளமாக ஏற்றுக்கொள்வது. புத்தகத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும் மாணவர் கோப்பில் இதைக் குறையாக எழுதிவைப்பார். ஆனால் அந்தப் பெண் தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்திருக்கலாம், வீட்டுக்குத் தளம் போட்டிருக்கலாம்; அதில் அவளுக்குப் பெருமையும் இருக்கலாம். ஒழுக்க வளர்ச்சி பற்றிய கோல்பெர்க்கின் ஆய்வு சிகாகோப் பையன்களை மட்டும் கேட்டு உருவானது என்பதையும், பிறர் நலன் பேணுவதும் முதிர்ச்சிதான் என்று கரோல் கில்லிகன் 1982இல் வாதிட்டதையும் படித்தவர் இவளைக் குறைவாக மதிப்பிட மாட்டார். அவளுக்குத் தேர்ந்தெடுக்க வழி இருந்ததா என்பதையும் கேட்பார், அவள் செய்ததன் மதிப்பையும் பார்ப்பார்.

உடம்பின் வளர்ச்சியைப் பற்றித் தெரியாமல் மனசைப் பற்றிப் பேசுவதும் ஆபத்து. ஸ்பின்னிங்கில் சைடர் வேலை என்பது வரிசையாக நிற்கும் ரிங் ஃப்ரேம்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டுவது. காதைப் பிளக்கும் இரைச்சல், மூக்கில் ஏறும் பஞ்சுத் தூசு. ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் நைட். பதின்வயதில் உடம்பின் கடிகாரம் தானாகவே பின்தள்ளிப் போகிறது. எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவைப்படுகிறது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் படுக்கும் அறையில் பகல் ஷிப்ட்காரர்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரமாகச் சிடுசிடுப்பு, அழுகை, திடீரென்று மயங்கி விழுதல் என்றால் வார்டன் பேய் என்கிறார், வீட்டில் காதல் என்கிறார்கள், அரைகுறையாகப் படித்த ஆலோசகர் மனச்சோர்வு என்கிறார். வயதைத் தெரிந்தவர் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் மாதவிலக்கையும் விசாரிப்பார். மனநோய் இல்லை என்று முடிவு கட்ட அல்ல. எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க.

‘இதற்கெல்லாம் கோட்பாடு எதற்கு? பத்துப் பிள்ளை வளர்த்த அப்பத்தாவுக்குத் தெரியாததா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அப்பத்தாவின் அறிவை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். பிள்ளைத்தமிழ் மரபு அந்த அறிவிலிருந்து வந்ததுதான். ஐந்தாம் மாத வாக்கில் தலைதூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டை ஒட்டித் தளர்நடை நடந்துவரும் வருகை என்று குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் கவனித்து வைத்த மரபு நம்முடையது. பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்ததும் உண்டு. ஆனால் அந்த ஏழு பருவமும் நாற்பது வயதோடு நின்றுவிடுகின்றன; பெண்ணை அழகையும் மணத்தையும் கொண்டே அளக்கின்றன. இதுவும் ஒரு காலத்தின், ஒரு பார்வையின் கணக்கு. அப்பத்தாவுக்குத் தன் பிள்ளைகளைத் தெரியும். ஆலோசகர் முன்னால் வந்து உட்காருவதோ முன்பின் தெரியாத பிள்ளை. பல நூறு பேரின் வாழ்க்கையைப் பல பத்தாண்டு பின்தொடர்ந்து பார்த்ததன் சாரம் அவருக்கு வேண்டியிருக்கிறது.

மேற்கத்தியக் கோட்பாடு நமக்குப் பொருந்தாது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பங்கினர் அமெரிக்கர்கள், அந்நாட்டின் மக்கள்தொகையோ உலகில் ஐந்து சதவீதம் என்று ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் சுட்டிக்காட்டினார். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேகூட, தருக்கச் சிந்தனையின் உயர்நிலை பன்னிரண்டு வயதில் எல்லோருக்கும் ஒரேபோல வருவதில்லை, அவரவர் ஈடுபட்டிருக்கும் துறையைப் பொறுத்தது என்று 1972இல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆகவே வயதெல்லைகளை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் கேள்விகளைத் தூக்கி எறிந்தால் நஷ்டம் நமக்குத்தான். அம்மாச்சியிடம் விடப்பட்ட நாலு வயதுக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். தாயைப் பிரிந்த குழந்தை பாதிக்கப்படும் என்று ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதினார். பெற்ற தாயே வேண்டும் என்பதில்லை, நிலையான பிற உறவுகளும் பிள்ளையைத் தாங்கும் என்று மைக்கேல் ரட்டர் 1972இல் அதைத் திருத்தினார். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் நாற்பது வருஷம் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சச்சரவு என்று பல ஆபத்துகளுக்கு நடுவே பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக நிலையான பெரியவர் ஒருவராவது இருந்தார், சிலருக்கு அது பாட்டியாக இருந்தது. கூட்டுக்குடும்பத்தின் வேர் இன்னும் அறுந்துபோகாத நம் ஊருக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு வேறென்ன?

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கூலி குறைவு, மரியாதை இல்லை, சூப்பர்வைசரின் அத்துமீறல். இதற்குக் கவுன்சலிங் கொடுப்பது அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவதுதானே? பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வளர்ச்சிக் கோட்பாட்டை முழுதாகப் படித்தவரால் அப்படிச் செய்ய முடியாது. யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் எழுதிய நூலின் சாரமே அதுதான்: ஒரு பிள்ளையின் வளர்ச்சி குடும்பம், பள்ளி, பெற்றோரின் வேலையிடம், அரசின் சட்டம் வரை ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வட்டங்களில் நடக்கிறது. உள்வட்டத்தில் மட்டும் வைத்தியம் பார்ப்பவர் பாதி வைத்தியர். வேடசந்தூர் வட்டாரத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அறியப்படும் உடன்பாடு கையெழுத்தானது. பாலியல் சீண்டலைக் கவனித்துப் புகார் சொல்ல, தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சி தந்து ஆலைத் தளத்தில் கண்காணிப்பாளர்களாக நியமிக்க அது வழிசெய்தது. ஒரு பெண்ணின் பயத்தைக் குறைக்க அறைக்குள் நடக்கும் பேச்சு மட்டும் போதாது, ஆலைத் தளத்தில் பக்கத்திலேயே நம்பிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதை அந்த ஒப்பந்தம் காட்டியது. சட்டமும் வயதைத்தான் கேட்கிறது. பதினெட்டு நிறையாத பிள்ளை பாலியல் வன்முறையைச் சொன்னால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி ஆலோசகர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; ரகசியம் காப்பேன் என்ற வாக்கு அங்கே செல்லாது. ‘அப்போது உனக்கு என்ன வயது’ என்று கேட்காதவர் தன் கடமையைக்கூடத் தெரிந்துகொள்ள மாட்டார்.

சில வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டு போர்டு மாட்டிக்கொள்பவர்களை இனியாவது நெறிப்படுத்த வேண்டும். துணைநிலைச் சுகாதாரத் துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்தது. நடத்தைசார் சுகாதார ஆலோசகர்களும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். சட்டம் பதிவேட்டைத் தரும், பார்வையைத் தராது. பார்வையைத் தர வேண்டியவை கல்லூரிகள். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1956இல் ஊரக நிறுவனமாகத் தொடங்கி, கிராமத்தையே வகுப்பறையாக்கிய மரபு அதற்கு உண்டு. அந்த மரபைத் திண்டுக்கல் மாவட்டத்தில் உளவியலும் சமூகப்பணியும் சொல்லித்தரும் எல்லாக் கல்லூரிகளும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆலோசகராக வரப்போகும் ஒவ்வொரு மாணவரையும் ஒரு பருவமாவது மில் ஹாஸ்டலுக்கும் அங்கன்வாடிக்கும் முதியோர் இருக்கும் வீடுகளுக்கும் அனுப்புங்கள். பேசும் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் வயதுவாரியாக ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அந்தத் தாளுக்குக் கொடுங்கள்.