கைப்பேசி கேட்குமா மனக்குறை?

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸில் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு குளிர் குறைந்துகொண்டே வரும். அடிவாரத்தை எட்டியதும் சமவெளியின் வெக்கை முகத்தில் வந்து அறையும். பெட்டியும் பையுமாக அந்தப் பஸ்ஸில் வந்திறங்கும் மலையாளி வாலிபர்கள் பலர். நாமக்கல், ராசிபுரம், சேலம் என்று சிலர் கல்லூரிக்குப் போகிறார்கள். சிலர் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

மலையாளி என்றதும் கேரளத்தை நினைத்துவிட வேண்டாம். இவர்கள் நம் மலைகளில் வாழும், தமிழே பேசும் பழங்குடி மக்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மாநிலத்துப் பழங்குடியினரில் இவர்களே பெருங்கூட்டம்.

நாமக்கல் பஸ் நிலையத்து டீக்கடையில் அத்தகைய ஒரு மாணவனிடம் பேச்சுக் கொடுத்தேன். மனக்கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வாய் தம்பி என்று கேட்டதற்கு, "யாருகிட்ட சார் சொல்றது? வீட்டுல சொன்னா படிப்பை விட்டுட்டு வந்துடும்பாங்க. ஹாஸ்டல்ல சொன்னா சிரிப்பாங்க" என்றான். பேசும்போதே கையிலிருந்த செல்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் செல்பேசியிடமே சொல்ல முடியுமானால்?

விளையாட்டுக் கேள்வியல்ல. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி என்னும் பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள பூர்வகுடி இளைஞர்களிடையே தற்கொலை ஒரு பெருந்துயரம். அவர்களுக்கென்றே 'பிளாக் டாக்' என்ற மனநல ஆராய்ச்சி நிலையத்தார், உள்ளூர்ப் பூர்வகுடி அமைப்புகளுடன் சேர்ந்து 'ஐபாப்ளி' என்றொரு செயலியைத் தயாரித்தார்கள். அதில் பாடப் புத்தகப் பேச்சு இல்லை. அம்மக்களின் கலைஞர்களே வரைந்த படங்கள், அவர்கள் சொல்லும் கதைகள். ரகசியச் சொல் இட்டுத்தான் திறக்க முடியும். பக்கத்திலிருப்பவன் எட்டிப் பார்க்க வழியில்லை.

18 முதல் 35 வயது வரையுள்ள 61 பேரிடம் அதைக் கொடுத்துச் சோதித்தார்கள். 2017-இல் முடிவு வெளியாயிற்று. பயன்படுத்தியவர்களிடம் மனச்சோர்வும் தவிப்பும் குறைந்திருந்தன. ஆனால் தற்கொலை எண்ணத்தைப் பொறுத்தவரை, செயலி பெற்றவர்களுக்கும் அதற்காகக் காத்திருந்தவர்களுக்கும் நிச்சயமான வித்தியாசம் தென்படவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். செயலி விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடும் பகுதி இதுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி ஜில்லாவில், பழங்குடியினர் வாழும் சிற்றூர்களில் வேறு விதமாக முயன்றார்கள். செல்பேசியை நோயாளியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. கிராமத்து 'ஆஷா' பெண் ஊழியர் கையில் ஒரு டாப்லெட்டைக் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அது காட்டும் கேள்விகளை அவர் கேட்பார். பதில்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போகும். 5,007 பேரை விசாரித்ததில் 238 பேருக்கு உதவி தேவை என்று தெரிந்தது. அவர்களில் அதற்கு முன் மனநலச் சிகிச்சையை நாடியிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர்! அதன்பின் டாக்டரிடம் சென்றவர்கள் 30 பேர்.

முப்பது என்ன பிரமாதம் என்று கேட்கலாம். இரண்டிலிருந்து முப்பது என்பது எனக்குப் பெரிதாகவே படுகிறது. அந்த முப்பது பேரை அழைத்து வந்தது வெறும் யந்திரமல்ல. தெரிந்த முகம் ஒன்று யந்திரத்தோடு வாசலுக்கு வந்தது.

நம்மிடமும் ஏற்பாடு இல்லாமலில்லை. 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் 'டெலி மனஸ்' சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2024 அக்டோபர் 10-இல், உலக மனநல தினத்தன்று, அதற்கு ஒரு செயலியும் வந்தது.

ஆனால் மலைக்காட்டில் அது எவ்வளவு தூரம் போகும்? எல்லாக் குக்கிராமத்திலும் சிக்னல் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஆகவே ஒரு முறை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் ஓடவேண்டும். மொழி தமிழ்தானே என்று இருந்துவிடவும் கூடாது. 'மனச்சோர்வு', 'பதற்றம்' என்று திரையில் அச்சடித்த வார்த்தைகள் வந்தால், "மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்கிற பையன் அது தனக்கல்ல என்று மூடிவிடுவான். மலைப் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு எழுத வேண்டிய சமாசாரம் அது. உண்டு உறைவிடப் பள்ளிகளிலேயே அதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டீக்கடை மாணவனிடம் 14416 என்ற எண்ணைச் சொன்னேன்.

"காசு ஆகுமா சார்?"

"ஒரு பைசா ஆகாது."

செல்பேசியில் பதிந்துகொண்டான். பெயர் போடும் இடத்தில் 'மாமா' என்று போட்டான். ஏன் என்று கேட்டேன்.

"ரூம்ல எவனாச்சும் எடுத்துப் பாப்பான் சார்" என்றான்.